செஷம் முதல் ரிக்மன்ஸ்வொர்த் வரை: விளைந்த பார்லி வயலுக்குள் நடக்கலாமா?

ஹாரோநடையன் · ஞாயிறு, இரவு 9:40

நேற்று அம்மாவை அழைத்துக்கொண்டு லண்டனுக்கு வடமேற்கே செஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு நடையை முடித்தேன். லண்டன் டியூப் ரயிலின் மெட்ரோபாலிட்டன் லைனில் செஷமில் இறங்கி நடக்கத் தொடங்கி, அதே லைனில் ரிக்மன்ஸ்வொர்த்தில் ஏறி வீட்டுக்கு வருவது. 10 மைல், அதாவது 16 கிலோமீட்டர். நடுவில் மேட்டு ஊர்களுக்கு ஏறி இறங்கியதில் கொஞ்சம் கூடியிருக்கும். காலை ஒன்பதரைக்குத் தொடங்கி, உட்கார்ந்து உட்கார்ந்து, மாலை ஐந்தே காலுக்கு முடித்தோம். ஜூலையில் இரவு ஒன்பது வரை வெளிச்சம் இருப்பதால் அவசரமே இல்லை.

அம்மாவுக்கு 64 வயது. மன்னார்குடிப் பக்கம். இன்றைக்கும் நடவு, அறுப்பு என்றால் வரப்பில் போய் நிற்கிறவர். இரண்டு மாதம் எங்களோடு இருக்க வந்திருக்கிறார். லண்டனில் காட்டிய எதுவும் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. பிக் பென்னைப் பார்த்துவிட்டு "மணி சரியாத்தான் காட்டுது" என்றார், அவ்வளவுதான்.

செஷமில் முதல் ஏமாற்றம். ஆற்றங்கரை நடை என்று சொல்லி அழைத்து வந்திருக்கிறேன், ஊருக்குள் ஆறு கூழாங்கல் தெரியக் காய்ந்து கிடக்கிறது. "ஆறு எங்கடா?" என்றார். இதுதான் அம்மா என்றேன். "இதை நாங்க வாய்க்கால்னுகூட சொல்ல மாட்டோம்." அப்புறம் ஊரைத் தாண்டிக் கீழே போகப் போகத் தண்ணீர் வந்தது. வந்தபின் ஒரு குறையும் இல்லை. முழங்கால் ஆழம்தான், அடியில் கிடக்கும் கல்லை எண்ணலாம். நீரோட்டத்தோடு நீளமாகச் சாயும் நீர்ச்செடியில் வெள்ளை வெள்ளையாகப் பூ. அதன் நிழலில் டிரவுட் மீன்கள் எதிர்நீச்சலில் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. அம்மா காலை விட்டுப் பார்த்து உடனே எடுத்துவிட்டார். வெயில் 27 டிகிரி, தண்ணீர் ஐஸ்பெட்டி.

லாட்டிமரில் புல்வெளி நடுவே ஒரு மண்மேடு. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரிலிருந்து லார்ட் செஷம் கொண்டுவந்த ஒரு குதிரையின் இதயத்தை அங்கே புதைத்திருக்கிறார்கள். "குதிரைக்கா?" என்று ஒரு முறைக்கு இரண்டு முறை கேட்டார். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், பாதையோரத்திலேயே, செங்கல் கட்டிய ஒரு கல்லறை. வில்லியம் லிபர்ட்டி என்ற செங்கல் சூளைக்காரர், 1777இல் இறந்தவர். என் சொந்த நிலத்திலேயே என்னைப் புதையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். 32 வருடம் கழித்து மனைவியையும் அங்கேயே வைத்திருக்கிறார்கள். இது அம்மாவுக்குச் சட்டென்று புரிந்தது. கொஞ்ச நேரம் அங்கே நின்றார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சாரட் ஊரின் சர்ச் எண்டு பகுதியை ஒட்டிய மேட்டில் ஒரு பார்லி வயல். எந்த வயல் என்று சொல்லப் போவதில்லை. முற்றிப் பழுத்து, கதிர் எல்லாம் தலை கவிழ்ந்து நிற்கிறது. மஞ்சள் அம்பு போட்ட கம்பம் நேரே வயலின் நடுவைக் காட்டுகிறது. அங்கே ஓர் ஆள் போகும் அகலத்துக்குப் பயிர் இல்லாமல் ஒரு கோடு. அம்மா நின்றுவிட்டார். "வெளஞ்சு நிக்கிற பயிருக்குள்ள செருப்புக் காலோட போறதா? யாரோ மிதிச்சு மிதிச்சு இப்படிப் பாழாக்கியிருக்காங்க. நான் வரலை." எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. சரி என்று வேலியோரமாகவே சுற்றிப் போனோம். அங்கே ஐந்தாறு அடி அகலத்துக்குப் புல்லும் பூவுமாக இருந்தது, வரப்பு மாதிரி.

பாதி தூரம் போயிருப்போம், நாலு சக்கர பைக்கில் விவசாயி வந்தார். பயிரைக் காப்பாற்றியதற்கு நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். மனிதர் மிக மரியாதையாக, "பாதை அங்கே இருக்கிறது. நீங்கள் நடப்பதற்காக நானே விட்டு வைத்தது. இந்த ஓரத்தில் இருப்பது நான் விதைத்த பூ, உள்ளே கௌதாரி இருக்கிறது. தயவுசெய்து நடுவில் போங்கள்" என்றார்.

அம்மாவிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாவுக்கு எத்தனை மூட்டை காணும்னு கேளு" என்றார். (மா என்பது எங்கள் பக்கத்து நில அளவு.) அவர் ஹெக்டேருக்கு டன் கணக்கில் சொல்ல, நான் மூட்டைக்கும் மாவுக்கும் மாற்றுவதற்குள் வேர்த்துவிட்டது. பத்து நிமிடம் இருவரும் பேசிக்கொண்டார்கள். நான் வெறும் மொழிபெயர்ப்பாளன். கடைசியில் நடுப்பாதையில் வரச் சம்மதித்தார், ஆனால் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு. கல் குத்தும் என்றேன். குத்தியது.

என் கேள்வி: ஓரமாகப் போனதுதான் மரியாதை என்று நினைத்தோம், அவருக்கு அதுதான் தொந்தரவு. இங்கே முறை என்ன?

கொங்குக்காரி · ஞாயிறு, இரவு 10:05

உங்கள் அம்மாவோடு ஒரு நாள் நடக்க வேண்டும் போல இருக்கிறது!

எங்கள் ஊரில் இரண்டு பக்கமும் வேலி வைத்த இட்டேரி இருக்கும், அதில் போனால் யார் பயிரையும் மிதிக்க வேண்டியதில்லை. அந்தப் பழக்கத்தில் நானும் இங்கே நடுவயலில் கால் வைக்கத் தயங்குகிறவள்தான். யாராவது விவரம் தெரிந்தவர் சொல்லுங்கள்.

அப்புறம் சில்லறைக் கேள்விகள்: டிக்கெட் எப்படி, வழியில் சாப்பாடு கிடைக்குமா, ஏழு வயதுப் பையன் நடப்பானா?

வரைபடப்பித்தன் · ஞாயிறு, இரவு 11:20

முறை என்ன என்பதற்குப் பதில் தெளிவாகவே இருக்கிறது: அந்த விவசாயி சொன்னதுதான் சரி.

மஞ்சள் அம்பு பொது நடைபாதையைக் குறிக்கும். நீலம் என்றால் குதிரையும் சைக்கிளும்கூடப் போகலாம். நிலம் அவருடையது, அதன்மேல் கடந்து போகும் உரிமை எல்லோருடையது. அந்த உரிமை இருப்பது அந்தக் கோட்டின்மேல் மட்டும். கோட்டை விட்டு ஓரமாகப் போனால், எவ்வளவு நல்ல எண்ணத்தோடு போனாலும், கணக்கில் அது அத்துமீறல். பயப்பட வேண்டாம், அது உரிமையியல் விவகாரம், போலீஸ் வராது. பாதைக்குத் திரும்பச் சொல்வார்கள், திரும்பினால் முடிந்தது.

கடமையும் அவர் பக்கம் உண்டு. வயலின் குறுக்கே போகும் பாதையை உழுதால் 14 நாளுக்குள் அதைத் திரும்ப நடக்கும்படி செய்து, கோடு தெரிய வைக்க வேண்டும். குறைந்தது 1 மீட்டர் அகலம். பயிர் அதன்மேல் வளராமல் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பு. 1990இல் வந்த சட்டம் இது. ஆகவே உங்கள் அம்மா பார்த்த அந்த வெறும் கோடு யாரும் மிதித்துப் பாழாக்கியது கிடையாது. விதைப்புக்குப் பின் மெனக்கெட்டு விட்ட இடம். அதில் நடக்காமல் விட்டால் அவர் அந்த ஒரு மீட்டர் விளைச்சலை வீணாகத்தான் இழந்திருக்கிறார்!

அந்த ஓரத்துப் பூவும் தற்செயல் கிடையாது. வயலோரத்தில் பறவைக்கும் வண்டுக்கும் இடம் விட்டால் அரசு பணம் கொடுக்கும் திட்டங்கள் இருக்கின்றன. கௌதாரி தரையில் கூடு கட்டுகிற பறவை, ஆள் நடமாட்டம் ஆகாது.

சும்மாகேட்கிறேன் · திங்கள், காலை 7:50

சட்டம் சரி. ஆனால் இதில் எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை. பணம் கொடுத்து நிலம் வாங்கியவன் நடுவயலில் ஊரார் நடக்க வழி விட வேண்டுமாம், அதையும் அவனே வெட்டிச் சீர்செய்ய வேண்டுமாம். நம் ஊரில் பக்கத்து நிலத்துக்காரன் வண்டி போக வழி விடுவதற்கே மூன்று தலைமுறை கோர்ட்டுக்கு அலைகிறது. இங்கே வார இறுதியில் பொழுதுபோக்கு நடைக்கு வருகிறவனுக்கு உரிமையா? ஓரமாகப் போங்கள் என்று பாதையை மாற்றி வைத்தால் என்ன கெட்டுவிடும்?

வரைபடப்பித்தன் · திங்கள், காலை 8:30

பாதை முதலில் வந்தது, பொழுதுபோக்கு பிறகு வந்தது. இந்தக் கோடுகள் மாவரைக்க ஆலைக்குப் போனவர்களும் கோயிலுக்கும் சந்தைக்கும் போனவர்களும் நடந்து நடந்து உண்டானவை. சாரட்டையே பாருங்கள். ஹோலி கிராஸ் தேவாலயம் 12ஆம் நூற்றாண்டுக் கட்டடம். ஊர் ஒரு கிலோமீட்டர் தள்ளி ஒரு நீண்ட புல்வெளியைச் சுற்றி இருக்கிறது. அப்படியானால் ஒவ்வொரு ஞாயிறும் மக்கள் எந்த வழியாக வந்திருப்பார்கள்? வயல் வழியாகத்தான். நிலம் கை மாறினாலும் வழி மாறாது என்பது இங்கே பழைய சட்டக் கொள்கை. வாங்குகிறவர் பாதையோடு சேர்த்துத்தான் வாங்குகிறார்.

பாதையை மாற்ற முடியாது என்றும் இல்லை. விண்ணப்பித்து, அறிவிப்பு ஒட்டி, ஆட்சேபம் கேட்டு மாற்றலாம். நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

இந்த உரிமை சும்மாவும் கிடைக்கவில்லை. 1932இல் மான்செஸ்டர் பக்கத்து ஆலைத் தொழிலாளர்கள் கிண்டர் ஸ்கவுட் மலைமேட்டில் தடையை மீறி ஏறினார்கள். ஐந்து இளைஞர்கள் சிறைக்குப் போனார்கள். அது திறந்த மலைநிலத்துக்கான போராட்டம், வயல் பாதைக்கானது அல்ல. ஆனாலும் அந்தச் சூட்டில்தான் 1949 சட்டம் வந்தது. ஒவ்வொரு பாதையையும் அதிகாரபூர்வ வரைபடத்தில் ஏற்றச் சொன்னதும் அதுதான். இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து சுமார் 1,40,000 மைல் பாதை உண்டு. நான் 24 வருடமாக நடக்கிறேன். ஒரு மூலைகூட முடியவில்லை.

வடமராட்சியான் · திங்கள், மாலை 6:15

தம்பி ஹாரோநடையன், ஆறு காய்ந்து கிடந்ததை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அதுதான் முக்கியம்.

நான் இந்தப் பள்ளத்தாக்குப் பக்கம் குடியிருந்து 27 வருடமாகிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு இந்த ஆற்றை விளக்கத் தேவையில்லை. எங்கள் குடாநாடும் சுண்ணாம்புக்கல். எங்களுக்கென்று ஆறு கிடையாது. வழுக்கியாறு இருக்கிறது, அதுவும் மழைக்கு மட்டும். தண்ணீர் எல்லாம் காலுக்குக் கீழே, கிணற்றில். இங்கேயும் அதே கதைதான், கல் மட்டும் மிருது, வெள்ளை, விரலால் சுரண்டினால் வரும். பள்ளிக்கூடத்தில் சீமைச்சுண்ணாம்பு என்று சொன்னோமே, அந்தச் சீமை இதுதான். டைனோசர் காலத்துக் கடலில் வாழ்ந்த கண்ணுக்குத் தெரியாத பாசிகளின் ஓடு படிந்து படிந்து உண்டான கல். ஹாரோவில் உங்கள் கெட்டிலுக்குள் வெள்ளையாகப் படிகிறதே, அதுவும் இதே கல்லின் கரைசல்.

மழை விழுந்தால் இந்த நிலத்தில் ஓடாது, இறங்கும். கோடை மழையைப் பயிரும் மரமும் குடித்துவிடும். குளிர்கால மழைதான் ஆழத்துக்குப் போய்ச் சேரும். நிலத்தடி மட்டம் ஏறி, பள்ளத்தாக்கின் தரையைத் தொட்டால் ஊற்று வெடிக்கும். இறங்கினால் ஆறு தலையிலிருந்து காயத் தொடங்கும். ஆகையால் ஜூலையில் செஷமில் தண்ணீர் இருக்கிறதா என்பது போன மாரியில் எவ்வளவு மழை பெய்தது என்பதைப் பொறுத்தது. உங்கள் அம்மாவுக்கு ஐஸ்பெட்டி மாதிரி இருந்ததும் இதனால்தான்: ஊற்று நீர் வருடம் முழுக்க 10, 11 டிகிரிதான். உறைபனிக் காலத்தில் இதே ஆறு ஆவி பறக்க நிற்கும்.

மழை மட்டும் காரணம் என்றும் சொல்ல மாட்டேன். குழாய்த் தண்ணீருக்காக இந்தக் கல்லிலிருந்து உறிஞ்சுவதும் ஆற்றின் தலையைக் காய வைத்தது. 2019இல் மேல்பகுதி வறண்டது. அதற்கடுத்து மேற்பகுதியில் எடுப்பதை நிறுத்தினார்கள். கீழே நீங்கள் பார்த்து வியந்த தண்ணீரில் கணிசமான பங்கு, சொல்லட்டுமா வேண்டாமா, செஷமுக்குக் கீழே உள்ள கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வருவது. சுத்தம் செய்துதான் விடுகிறார்கள். ஆனால் நிலத்தடி மட்டம் ஏறும் மாரியில் சாக்கடைக் குழாய்க்குள் ஊற்று நீர் புகுந்து, நிலையம் தாங்காமல், அரைகுறையாக விடுவதும் நடந்திருக்கிறது. உலகத்தில் இந்த மாதிரிச் சுண்ணாம்பு ஓடைகள் இருநூற்றுச் சொச்சம்தான், பெரும்பங்கு இங்கிலாந்தில். அதை வைத்திருக்கிற வடிவு இது.

அடுத்த முறை செஷமுக்கு மேலே பெட்னர் பக்கமும் போய்ப் பாருங்கள். ஆறே இல்லாத பள்ளத்தாக்கு. பனியுகத்தில் நிலம் உறைந்து கிடந்தபோது உருகிய தண்ணீர் இறங்க வழியில்லாமல் மேலே ஓடி அறுத்த பள்ளம். நிலம் இளகியதும் தண்ணீர் கீழே போய்விட்டது, பள்ளம் மட்டும் மிச்சம்.

சிகரம்_8848 · திங்கள், இரவு 8:02

ஓட்டைச் சாக்கடைக்கு இத்தனை பதிவா? உண்மையான நடை வேண்டும் என்றால் லேக் டிஸ்ட்ரிக்ட், ஸ்நோடோனியா மலைகளுக்குப் போங்கள். டியூப் ரயிலில் போய் இறங்குகிற இடத்துக்கு நடை என்று பெயர் வைக்கிறீர்கள்.

கொங்குக்காரி · திங்கள், இரவு 8:20

அண்ணா, ஏழு வயதுப் பையனை ஸ்நோடோனியாவில் தோளில் தூக்கிக்கொண்டு நீங்கள் வருகிறீர்களா? வந்தால் நாளைக்கே கிளம்புகிறேன்.

டியூபில் போக முடிகிறது என்பதுதான் எனக்கு இதன் சிறப்பே. எங்களிடம் கார் இல்லை. காரில் போனால் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். ரயில் என்றால் ஓர் ஊரில் இறங்கி இன்னோர் ஊரில் ஏறலாம்.

ஹாரோநடையன் · செவ்வாய், இரவு 9:15

வடமராட்சியான் அண்ணா, உங்கள் பதிவை அப்படியே அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கழிவுநீர் வரியை மட்டும் விட்டுவிட்டேன். அவர் கால் நனைத்திருக்கிறார். ஆறு மழைக்காகக் காத்திருக்கிறது என்றதும் "எங்களுக்கு மேட்டூர், இவங்களுக்குக் கல்லு" என்றார்.

கொங்குக்காரிக்கு: டியூபுக்கான ஆய்ஸ்டர் கார்டு போதும். செஷம் 9ஆவது மண்டலம், ரிக்மன்ஸ்வொர்த் 7ஆவது. அரை மணிக்கு ஒரு வண்டி. சால்ஃபன்ட் அண்ட் லாட்டிமரிலிருந்து செஷம் வரை ஒற்றைத் தண்டவாளம். டியூபில் அடுத்தடுத்த இரு ஸ்டேஷன்களுக்கு இடையே மிக நீளமான இடைவெளி இதுதான், 6 கிலோமீட்டருக்கு மேல். பையனை ஜன்னலோரம் உட்கார வையுங்கள், பாதி சந்தோஷம் அங்கேயே கிடைத்துவிடும். முழு 16 கிலோமீட்டர் அவனுக்கு அதிகம். செஷமில் தொடங்கி லாட்டிமர் வரை நடந்து, மேலே ஏறி சால்ஃபன்ட் அண்ட் லாட்டிமர் ஸ்டேஷனுக்குப் போனால் பாதியிலேயே முடித்துக்கொள்ளலாம். வழி நெடுக மீன் படம் போட்ட குறி இருக்கிறது, அதைத் தேடிக் கண்டுபிடிப்பதை அவன் வேலையாக்கிவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு வழியில் பப்கள் உண்டு. நாங்கள் ஒன்றை நம்பிப் போனோம், அடுப்பு அணைத்தாயிற்று என்றார்கள். நல்ல வேளை, அம்மா புளியோதரை கட்டியிருந்தார். சாரட் தேவாலயத்துக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்தக் கோபுரத்தைக் கவனியுங்கள், உச்சியில் வீட்டுக் கூரை மாதிரி இரண்டு பக்கம் சரிந்திருக்கும். சாப்பிடும்போது தலைக்கு மேலே பருந்து மூன்று சுற்றின. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். நம் ஊர்ச் செம்பருந்து கிடையாது, இதன் வால் பிளந்திருக்கும். இங்கிலாந்தில் அடியோடு அழிந்துபோய், 1989 முதல் ஸ்பெயினிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து சில்டர்ன்ஸ் குன்றுகளில் விட்டுப் பெருக்கியவை.

கடைசி ஒரு மணி நேரம் சுமார்தான். எம்25 நெடுஞ்சாலை இரைச்சல், அப்புறம் பெரிய பெரிய வீடுகளின் பின்வேலி. நீளமான பேன்ட் போடுங்கள். நான் அரைக்கால் டவுசரில் போய் நெட்டில் செடியிடம் நன்றாக வாங்கிக்கொண்டேன். காஞ்சொறிக்குத் தம்பி மாதிரி.

ஒன்று சொல்ல மறந்தேன். சாரட் பாட்டம் பக்கம் ஆற்றோரத்தில் வாட்டர்கிரெஸ் என்ற கீரை தானாக முளைத்துக் கிடந்தது. முன்பு இந்தப் பள்ளத்தாக்கே அதற்குத்தான் பெயர் போனதாம், பாத்தி கட்டி வளர்த்து ரயிலில் லண்டனுக்கு அனுப்புவார்களாம். அம்மா ஒரு தழையைக் கசக்கி முகர்ந்து, கடுகு வாசம் என்று ஒரு பை நிறையக் கிள்ளிக்கொண்டார்.

இரவுப்பணி · புதன், காலை 6:40

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வரும் பஸ்ஸில் இதைப் படித்துத் திடுக்கிட்டேன். அந்தக் கீரையைப் பச்சையாகச் சாப்பிட்டீர்களா?

ஆடு மாடு மேயும் நிலத்து ஓடையில் தானாக முளைத்த வாட்டர்கிரெஸ்ஸைப் பச்சையாகத் தின்னக் கூடாது. கல்லீரல் தட்டைப்புழு என்று ஒன்று இருக்கிறது. மாட்டின் சாணத்தில் முட்டை வரும், ஓடையில் உள்ள நத்தைக்குள் வளரும், அப்புறம் இலையில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். கழுவினால் போகாது. நன்றாக வேக வைத்தால் சாகும். கடையில் விற்பது மூடிய ஊற்று நீரில், மாடு அண்டாத பாத்தியில் வளர்வது, அது வேறு.

அப்படியே உண்ணி கடித்திருக்கிறதா என்று முழங்காலுக்குப் பின்னாலும் இடுப்பிலும் பாருங்கள். வட்டமாகச் சிவந்து பரவினால் டாக்டரிடம் போக வேண்டும், லைம் நோயாக இருக்கலாம்.

ஹாரோநடையன் · புதன், காலை 7:05

ஐயோ. பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்தார், அரை மணி நேரம் கொதித்தது. பச்சையாக யாரும் தொடவில்லை. அம்மாவிடம் சொன்னேன், "கீரையைப் பச்சையா யாருடா திம்பா?" என்று என்னையே திட்டுகிறார். உண்ணி இல்லை, பார்த்துவிட்டேன். நன்றி அக்கா.

சும்மாகேட்கிறேன் · புதன், மதியம் 1:10

பாதை விஷயத்தில் பாதி சமாதானமாகிவிட்டேன். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் மாடு இருக்குமே? போன வருடம் வேறோர் இடத்தில் இருபது இளமாடுகள் பின்னாலேயே வந்தன. பாதையை விட்டு வேலி ஏறிக் குதித்தேன். அதுவும் அத்துமீறலா?

வரைபடப்பித்தன் · புதன், இரவு 10:30

உயிருக்குப் பயந்து குதித்ததற்கு யாரும் கேஸ் போட மாட்டார்கள்!

இளமாடுகள் பெரும்பாலும் வேடிக்கை பார்க்கத்தான் வரும். ஓடினால் அவையும் ஓடி வரும். திரும்பி நின்று கையை விரித்தாலே நின்றுவிடும். ஆபத்து கன்றுள்ள பசுவிடம்தான். கன்றுக்கும் தாய்க்கும் நடுவே போகாதீர்கள். நாய் கூட இருந்து மாடு துரத்தினால் கயிற்றை விட்டுவிடுங்கள். மாட்டுக்குக் கோபம் நாய்மேல்தான், அது ஓடித் தப்பிவிடும். காளையைப் பொறுத்தவரை, பத்து மாதத்துக்கு மேற்பட்ட பால்மாட்டு இனக் காளையைப் பாதை போகும் வயலில் விடவே கூடாது. இறைச்சி இனக் காளை என்றால் பசுக்களோடு சேர்த்து விடலாம். தூரத்திலிருந்து இனம் பார்த்துச் சொல்ல உங்களால் முடியுமா? என்னால் முடியாது. சுற்றிப் போய்விடுவேன்.

கொங்குக்காரி · ஞாயிறு, இரவு 8:45

நேற்று போய்விட்டு வந்தோம். பையன் லாட்டிமர் வரைக்கும் என்று கிளம்பி, சாரட் வரைக்கும் வந்துவிட்டான். மீன் குறி பதினேழு எண்ணினான், நடுவில் இரண்டை விட்டிருப்பான்.

வடமராட்சியான் அண்ணா, உங்கள் தயவில் ஒவ்வொரு பாலத்திலும் நின்று தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அவனுக்குப் பாடம் எடுக்க வேண்டியதாயிற்று. லாட்டிமர் ஹவுஸைத் தூரத்திலிருந்து காட்டினேன். இரண்டாம் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மன் கைதிகளை அங்கே சொகுசாக வைத்து, அறைக்குள் மைக் மறைத்து, அவர்கள் பேசியதை எல்லாம் ஒட்டுக்கேட்டார்கள். கேட்டு எழுதியவர்களில் பலர் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதர்கள். இதைச் சொன்னதிலிருந்து எங்கள் வீட்டில் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பது தொடங்கியிருக்கிறது.

சர்ச் எண்டு மேட்டில் உங்கள் பார்லி வயலைத் தேடினேன். நடுவில் நடக்கலாமா ஓரத்தில் நடக்கலாமா என்று மனப்பாடம் செய்துகொண்டு போனால், அறுத்துவிட்டார்கள்! வெறும் தாளும் உருட்டி வைத்த வைக்கோலும். எந்த வயல் என்று நீங்கள் சொல்லாததால் அதுதானா என்றும் தெரியவில்லை. ஆனால் தாளுக்கு நடுவே ஒற்றைக் கோடு மட்டும் வெளுத்துத் தெரிந்தது, மண் இறுகி. அதன்மேலேயே நடந்தோம். பையன் வைக்கோல் உருளைமேல் ஏற வேண்டும் என்று அழுதான். அது பாதையில் இல்லை என்று சொல்லிக் கூட்டி வந்துவிட்டேன். வரைபடப்பித்தன் அண்ணா, மார்க் போடுங்கள்.

வடமராட்சியான் · ஞாயிறு, இரவு 9:30

பிள்ளைக்கு என் அன்பு. மாசி மாதம் திரும்பக் கூட்டி வாருங்கள், மழை நன்றாகப் பெய்திருந்தால் செஷம் ஊருக்குள்ளேயே ஊற்று வெடித்து ஓடுவதைக் காட்டலாம். அந்த ஊர்ப் பெயரிலிருந்துதான் ஆற்றுக்கே செஸ் என்று பெயர் வந்தது, ஆற்றிலிருந்து ஊருக்கு அல்ல.

ஹாரோநடையன் · திங்கள், காலை 7:30

அறுத்துவிட்டார்கள் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. "அறுப்பைப் பாக்காம விட்டுட்டியே" என்று நேற்றிலிருந்து ஒரே புலம்பல். கோதுமை இன்னும் நிற்கும், ஆகஸ்டில் அதைக் காட்டுகிறேன் என்று சமாதானம் சொல்லியிருக்கிறேன்.

வேறொரு சிக்கல். அன்றைக்கு வெறுங்காலோடு நடந்தபோது காலில் குத்திய கல்லை அம்மா எடுத்து வந்திருக்கிறார். மேலே வெள்ளை, உடைந்த இடத்தில் கறுப்புக் கண்ணாடி மாதிரி. சிக்கிமுக்கிக் கல்லேதான், அந்தத் தேவாலயச் சுவர் முழுக்க இதுதான். உள்ளங்கை அளவு, ஓரம் கத்தி மாதிரி. ஊருக்கு எடுத்துப் போய் அக்கம்பக்கத்தாருக்குக் காட்ட வேண்டுமாம். செப்டம்பரில் விமானம். ஒரு கல் என்றால் பரவாயில்லையா?

வரைபடப்பித்தன் · திங்கள், காலை 8:10

ஓரம் கூர் என்றால் கைப்பையில் வேண்டாம், சோதனையில் எடுத்துவிடுவார்கள். பெரிய பெட்டியில் துணிக்குள் சுற்றிப் போடுங்கள்.

ஹாரோநடையன் · திங்கள், காலை 8:14

பெட்டியில் ஏற்கெனவே 23 கிலோ இருக்கிறது என்றேன். என் சட்டையை எடுத்து வெளியே வைத்துவிட்டார்.